எல்.ஓ.ஆர். (பரிந்துரைக் கடிதம்) எழுதிக் கொடுத்தவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

தூரத்துவிளக்கு:
எல்லாருக்கும் வணக்கம். மேற்படிப்புக்கு 9 பல்கலைக்கழகங்களுக்கு அப்ளை பண்றேன். ஒவ்வொண்ணுக்கும் 3 பரிந்துரைக் கடிதம். மூணு பேருமா சேர்ந்து எனக்காக 27 தடவை போர்ட்டலைத் திறந்து, ஃபார்ம் நிரப்பி, கடிதத்தை ஏத்தணும். நேத்து கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் எவ்வளவு வேலையை அவங்க தலையில கட்டியிருக்கேன்னு உறைச்சது.

முதல் ஆள் என் புராஜெக்ட் கைடு மேடம். ஒன்பதையும் முடிச்சுட்டாங்க. கடைசி ரெண்டும் ராத்திரி 11.40-க்கு ஏறினதா மெயில் வந்தது. அன்னிக்கு அவங்க அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்கன்னு மறுநாள் வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். ரெண்டாவது லேப் சார். 5 முடிஞ்சது, 4 பாக்கி. மூணாவது துறைத்தலைவர். "நீயே எழுதிட்டு வாப்பா, பார்த்துட்டு அனுப்பறேன்"னு சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவரும் எல்லாத்தையும் முடிச்சுட்டார்.

அம்மா நல்ல வாட்ச் ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாம்ங்கறாங்க. ஃப்ரெண்டு கிஃப்ட் கார்டு போதும்ங்கறான். எப்போ கொடுக்கறது, மூணு பேருக்கும் ஒரே மாதிரி கொடுக்கணுமா, தானே எழுதாத சாருக்கும் கொடுக்கணுமா? ஒண்ணும் புரியலை. செஞ்சவங்க, வாங்கினவங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.

மைக்கூடு:
நல்ல பேனா. எந்த ஆசிரியரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

கரும்பலகை:
22 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். போன பருவத்தில் மட்டும் 14 பேருக்குக் கடிதம் எழுதினேன். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

லேப் சாருக்கு இன்னும் 4 பாக்கி என்கிறீர்கள். அந்த நான்கும் போகும்வரை அவருக்கு எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு பேனாகூட வேண்டாம். அந்த ஃபார்மில் என்ன இருக்கும் என்று பல மாணவர்களுக்குத் தெரியாது. கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், கட்டம் கட்டமாகக் கேள்விகள் வரும். இதுவரை நீங்கள் பார்த்த மாணவர்களில் இவர் முதல் 1 சதவீதத்தில் வருவாரா, 5-லா, 10-லா, 25-லா? அறிவுத்திறனுக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒன்று, குழுவாக வேலை செய்வதற்கு ஒன்று. 5-ல் டிக் அடிப்பதா 10-ல் அடிப்பதா என்று கையை மௌஸ் மேல் வைத்தபடி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் பக்கத்தில் நீங்கள் கொடுத்த பொட்டலம் இருந்தால் 5-ல் அடித்தாலும் எனக்கு உறுத்தும், 10-ல் அடித்தாலும் உறுத்தும். என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எழுதுபவருக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை என்று நம்புவதால்தான் அந்தக் கடிதத்தை எங்கோ இருக்கும் ஒரு குழு மதிக்கிறது.

வாட்ச் வேண்டவே வேண்டாம். ஒரு முறை ஒரு மாணவனின் அப்பா என் மேசையில் ஒரு வாட்ச் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், மரியாதைக்காக வைத்தார். அலுவலகம் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பையன் வராந்தாவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதுவரை வகுப்பு முடிந்ததும் ஓடி வந்து சந்தேகம் கேட்கிற பையன் அவன். அந்தப் பழக்கம் அன்றோடு நின்றது.

என் அலமாரியில் இரண்டாவது தட்டில் ஒரு ஃபைல் இருக்கிறது. பழைய மாணவர்கள் கொடுத்த அட்டைகளும் துண்டுக் காகிதங்களும் அதில்தான் இருக்கின்றன. ஒன்றில் இப்படி இருக்கிறது: "மேடம், மூணாவது செமஸ்டர் வைவாவில் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றேன். 'மழுப்பாம சொன்னதுக்கு ஒரு மார்க்' என்றீர்கள். அன்றிலிருந்து நான் மழுப்புவதில்லை." எழுதியவள் யார் என்று கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த பொருட்களில் எது எங்கே போனது என்று தெரியாது. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நிலாஅம்மா:
மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா ஒரு பெத்தவளா சொல்றேன். என் பொண்ணுக்காக ஒருத்தர் அவங்க வீட்டு நேரத்தை எடுத்து உட்கார்ந்து எழுதியிருக்காங்க. அவங்க முன்னாடி வெறுங்கையோட போய் நிக்க மனசு கூசுது. லஞ்சம் கொடுக்கணும்னு யாரும் நினைக்கலை. ஒரு காகிதத்தை மட்டும் நீட்டினா "இவ்வளவுதானா"ன்னு நினைச்சுட மாட்டாங்களா?

கரும்பலகை:
நிலாஅம்மா, உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. என் மகனுக்குக் கடிதம் எழுதியவரைப் பார்க்கப் போனபோது எனக்கும் அதே கூச்சம் இருந்தது. "இவ்வளவுதானா" என்று நினைக்க மாட்டோம். பெரிதாகக் கொண்டுவந்தால்தான் "ஐயோ, இவ்வளவா" என்று தோன்றும். அதை வாங்கவும் முடியாது, மறுத்து உங்கள் முகம் வாடுவதைப் பார்க்கவும் முடியாது.

எல்லாக் கடிதமும் போன பிறகு சின்னதாக ஒன்று கொடுங்கள், தவறே இல்லை. வாங்குபவர் அதைப் பார்த்ததும் இதற்குப் பதிலாக நாம் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு புத்தகம் கொடுத்தால் முதல் பக்கத்தில் ஏன் இந்தப் புத்தகம் என்று இரண்டு வரி எழுதுங்கள். என் மாணவி ஒருத்தி இரண்டு மாதம் போராடி எடுத்த நுண்ணோக்கிப் படம் ஒன்றை உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொடுத்தாள். படத்துக்கான அந்த மாதிரிப்பொருளுக்குச் சாயம் ஏற்றுவதில் நாங்கள் இரண்டு பேரும் எத்தனை முறை தோற்றோம் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அது இப்போதும் என் மேசையில் இருக்கிறது. கடையில் வாங்கியிருந்தால் அதற்கு அந்த மதிப்பு இல்லை.

இன்னொன்று. அரசு நிறுவனங்களில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்குப் பரிசு வாங்குவது பற்றி நடத்தை விதிகள் இருக்கும். தனியார் நிறுவனங்களிலும் பல இடங்களில் உண்டு. கிஃப்ட் கார்டைப் பல விதிகள் பணத்துக்குச் சமமாகத்தான் வைத்திருக்கின்றன. உங்கள் ஃப்ரெண்டிடம் சொல்லுங்கள்.

மைக்கூடு:
அப்போ பேனா ஓகேதானே மேடம்?

கரும்பலகை:
ஓகே. கடைசிக் கடிதம் போன பிறகு.

பாதிராத்திரி:
ஒரு சந்தேகம். நமக்காக என்ன எழுதினாங்கன்னே நமக்குத் தெரியாதே? "இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்"னு ஒரு கட்டத்துல டிக் பண்ணச் சொல்றாங்க. நானும் பண்ணிட்டேன். சுமாரா எழுதியிருந்தாலும் நன்றி சொல்லணுமா?

ஆறாம்விரல்:
அந்தக் கட்டம் எங்கேயிருந்து வந்ததுன்னு சொல்றேன், பாதிராத்திரி. அமெரிக்காவுல 1974-ல் கல்விப் பதிவுகள் பற்றி ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒரு கல்லூரியில சேர்ந்துட்ட மாணவர் அங்கே தன்னோட கோப்புல இருக்கிறதைப் பார்க்கக் கேக்கலாம். அப்படிப் பார்த்துடுவாங்கன்னு தெரிஞ்சா எழுதறவர் மனசு விட்டு எழுத மாட்டார். அதனால விட்டுக்கொடுக்கிற வழியையும் அந்தச் சட்டத்துலயே வெச்சாங்க. விட்டுக்கொடுக்காத கடிதத்தைப் படிக்கிறவங்க அவ்வளவா நம்ப மாட்டாங்கன்னுதான் எல்லாரும் டிக் பண்ணச் சொல்றாங்க.

உங்க கேள்விக்கு வர்றேன். நாம நன்றி சொல்றது கடிதத்துல இருக்கிற புகழ்ச்சிக்கு இல்லை. நாம படிக்கவே போகாத ஒண்ணுக்காக ஒருத்தர் உட்கார்ந்தாரே, அதுக்கு. "என்ன சார் எழுதினீங்க"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அவரா காட்டினா பாருங்க.

நான் ஆராய்ச்சி மாணவன். நன்றிக் கடிதம் பற்றி ஒரு ஆய்வு 2018-ல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழ்ல வந்தது. செஞ்சவங்க அமித் குமார், நிக்கோலஸ் எப்லி. ஆளுங்களை நன்றிக் கடிதம் எழுதச் சொல்லிட்டு, வாங்கறவங்க எப்படி உணர்வாங்கன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் வாங்கினவங்ககிட்டயும் கேட்டாங்க. எழுதினவங்க ரெண்டு விஷயத்துல தப்பாக் கணிச்சிருந்தாங்க. வாங்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு அதிகமா நினைச்சுட்டாங்க. சந்தோஷத்தையும் ஆச்சரியத்தையும் குறைச்சுப் போட்டுட்டாங்க. எழுதினவங்க கவலை எல்லாம் வார்த்தை சரியா அமையுமாங்கறதுலயே இருந்திருக்கு. வாங்கினவங்க பார்த்தது அதுல இருந்த அன்பை. "காகிதம் போதுமா"ன்னு நிலாஅம்மா கேட்டதைப் படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

தூரத்துவிளக்கு:
ரொம்ப நன்றி. லேப் சாருக்கு இப்போ எதுவும் கொடுக்கலை. வாட்ச் வேண்டாம்னு அம்மாகிட்ட மேடம் எழுதினதைப் படிச்சே காட்டிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பையன் பாவம்"னாங்க.

துறைத்தலைவர் விஷயம்தான் நெருடுது. நானே எழுதின கடிதத்துக்கு அவருக்கு நன்றி சொன்னா பொய் மாதிரி இருக்கு.

மூணாம்பெஞ்ச்:
என் கருத்து வேற. நீங்களே எழுதின கடிதத்துக்குப் பரிசெல்லாம் எதுக்கு? அவர் செய்ய வேண்டிய வேலையை உங்க தலையில போட்டார். எனக்கும் இதே நடந்தது. என்னைப் பத்தி நானே "மிகச் சிறந்த மாணவன்"னு எழுதறப்ப கூசிப் போச்சு. மூணு பேரும் அப்படியே சொன்னதால மூணு கடிதத்தையும் நானே எழுதினேன். மூணும் ஒரே ஆள் எழுதினதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கு எங்கேயும் கிடைக்கலை. அதுதான் காரணமான்னு தெரியாது. ஆனா இன்னிவரைக்கும் அந்த எண்ணம் போகலை.

கரும்பலகை:
மூணாம்பெஞ்ச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாணவரிடமே எழுதி வாங்குவது சரியில்லை. நான் கடிதம் கேட்காமல் குறிப்பு கேட்பேன். என்னிடம் என்னென்ன படித்தாய், எதில் தடுமாறினாய், எப்படிச் சரிசெய்தாய், எங்கெல்லாம் அனுப்புகிறாய், கடைசித் தேதிகள் என்ன, இதெல்லாம் ஒரே பக்கத்தில். எழுதுவது என் வேலை. பல பேராசிரியர்கள் 60, 70 மாணவர்களுக்கு நடுவில் திணறிப்போய்த்தான் "நீயே எழுதிட்டு வா" என்கிறார்கள். அதனால் அது சரியாகிவிடாது.

ஆனாலும் அவர் தன் பெயரையும் நிறுவன மின்னஞ்சலையும் உங்களுக்காகக் கொடுத்திருக்கிறார். அந்தச் சதவீதக் கட்டங்களை அவர்தான் நிரப்பியிருக்க வேண்டும், அந்த இணைப்பு அவருக்குத்தானே போகும்? ஒன்பது முறை. அதற்கு நன்றி சொன்னால் பொய் இல்லை. செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள், செய்ததை எழுதுங்கள்.

மூன்று பேருக்கும் பொருள் ஒரே மாதிரி இருக்கட்டும். அவர்கள் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள், ஒருவர் கையில் இருப்பது இன்னொருவர் கண்ணில் படும். உள்ளே எழுதுவதில் வித்தியாசம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

அலுவலகஜன்னல்:
நான் ஒரு கல்லூரி ஆபீஸ்ல எழுத்தரா இருக்கேன். இங்கே ஆசிரியர்களைப் பத்தியே பேசறீங்க, ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். ஒரு பிள்ளை 9 இடத்துக்கு அப்ளை பண்ணினா, மார்க் ஷீட் நகல் எடுத்து, சரிபார்த்து, சீல் வெச்சு, கவரை ஒட்டி, ஒட்டின இடத்துல மறுபடி கையெழுத்து வாங்கித் தர்றது எங்க ஆளுங்கதான். இந்தப் பருவத்துல சீல் மை காயறதுக்குக்கூட நேரம் இருக்காது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் 4 மணிக்கு ஓடி வருவாங்க, கவரை வாங்கிட்டு ஓடிடுவாங்க. பரிசு ஒண்ணும் வேண்டாம்ப்பா. சீட்டு கிடைச்சதும் ஜன்னல்ல தலையை நீட்டி "கிடைச்சிருச்சு அண்ணா"ன்னு ஒரு வார்த்தை. என் சர்வீஸ்ல அப்படிச் சொன்னவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஒவ்வொருத்தர் முகமும் ஞாபகம் இருக்கு.

கணித மேதை ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகத்துல எழுத்தர் வேலைக்கு விண்ணப்பம் போட்டப்ப, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினார். அந்தக் கடிதம் வாங்கித் தந்தது ஒரு குமாஸ்தா நாற்காலி. அதுல உட்கார்ந்துகிட்டுத்தான் அடுத்த வருஷம் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மிடில்மாஸ்ட் பேரு இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? எழுத்தர்ங்கறதால இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதான் சொல்லிட்டேன்.

தூரத்துவிளக்கு:
அண்ணா, மன்னிச்சுக்கோங்க. எங்க ஆபீஸ்ல எனக்குக் கவர் ஒட்டிக் கொடுத்த அக்கா பேரே எனக்குத் தெரியாது. நாளைக்குப் போய்க் கேக்கறேன்.

மறுபடி:
இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன்.

நான் 7 இடத்துக்கு அப்ளை பண்ணினேன். ஏழும் இல்லைன்னு வந்துடுச்சு. கடைசிப் பதில் வந்த அன்னிக்கு யார்கிட்டயும் பேசலை. எனக்கு எழுதிக் கொடுத்த மேடமுக்கு ஒரு டேபிள் லேம்ப் வாங்கி வெச்சிருந்தேன், சீட்டு கிடைச்சதும் கொடுக்கலாம்னு. கிடைக்கலை, அதனால கொடுக்கலை. அவங்க வகுப்பு முடிஞ்சு வர்ற நேரம் தெரியும், அந்த நேரத்துல வேற மாடிப்படியில இறங்குவேன். அப்புறம் படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போயிட்டேன். ரெண்டு வருஷம் ஒரு மெசேஜ்கூட அனுப்பலை. என்னன்னு அனுப்பறது? உங்க கடிதத்தை வீணாக்கிட்டேன்னா?

போன மாசம் ஒரு கல்யாணத்துல நேருக்கு நேரா பார்த்துட்டேன். ஒதுங்க இடம் இல்லை. அவங்களே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நல்லாயிருக்கியான்னு கேட்டாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். நான் எழுதினதுல ஏதாவது தப்பாப் போயிடுச்சா?"ன்னாங்க.

ரெண்டு வருஷமா அவங்க அப்படி நினைச்சுட்டு இருந்திருக்காங்க. நான் தோத்துட்டேன்னு வெக்கப்பட்டு ஒளிஞ்சுட்டு இருந்தேன். அவங்களோ அவங்க கடிதத்தாலதான் நான் தோத்தேனோன்னு கவலைப்பட்டுட்டு இருந்திருக்காங்க.

லேம்ப் இன்னும் அட்டைப் பெட்டியிலதான் இருக்கு. தூரத்துவிளக்கு, உங்களுக்குக் கிடைக்கணும்னு வேண்டிக்கறேன். ஆனா கிடைக்கிறதுக்காகக் காத்திருந்து நன்றி சொல்லாதீங்க. கடிதம் போனதும் சொல்லிடுங்க. முடிவு வந்ததும், எதுவா இருந்தாலும், ரெண்டாவது தடவை போய்ச் சொல்லுங்க.

கரும்பலகை:
மறுபடி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

அந்த மேடம் நினைத்தது புதிதில்லை. நாங்கள் எல்லோருமே நினைப்பதுதான். கூடுதலாக ஒரு உதாரணம் சொல்லியிருக்கலாமோ, அந்த "ஆனால்" என்ற வார்த்தையை எடுத்திருக்கலாமோ என்று ஓடும். போன பருவத்தில் 14 பேருக்கு எழுதினேன் என்றேனே, அவர்களில் 5 பேருக்கு என்ன ஆயிற்று என்று தெரியும். மற்ற 9 பேர்? கிடைத்தவர்கள் பரபரப்பில் மறந்திருக்கலாம். கிடைக்காதவர்கள் உங்களைப் போல வேறு மாடிப்படியில் இறங்கியிருக்கலாம். கூப்பிட்டுக் கேட்கவும் தயக்கம், புண்ணைக் கிளறுவது போலாகிவிடுமோ என்று.

கிடைக்கவில்லை என்று ஒரு மாணவர் வந்து சொன்னால், அடுத்த வருடம் எதை மாற்றலாம், எந்த இடங்களைச் சேர்க்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேச முடியும். சொல்லாவிட்டால் அதற்கும் வழியில்லை. தயவுசெய்து அந்த லேம்ப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நிலாஅம்மா:
மறுபடி தம்பி, கண்ணு கலங்கிடுச்சுப்பா. இந்த ஞாயித்துக்கிழமையே போய்க் கொடுத்துட்டு வா.

தூரத்துவிளக்கு:
மூணு பேருக்கும் ஒரே மாதிரி சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிட்டேன். கூட கையால எழுதின அட்டை. கைடு மேடமுக்கு எழுதினதை இங்கே போடறேன், திருத்திக் கொடுங்க.

"மதிப்பிற்குரிய மேடம், தங்களின் பொன்னான நேரத்தை ஒதுக்கி எனக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தமைக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் செய்த உதவியை என்றும் மறவேன். தங்கள் பணி மேலும் சிறக்க வாழ்த்துகிறேன்."

கரும்பலகை:
தம்பி, தவறு ஒன்றுமில்லை. ஆனால் பெயரை மாற்றினால் இதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பிரிவுபசார விழா மேடைக்கு எழுதியது போல இருக்கிறது. உங்கள் மேடமிடம் நீங்கள் நேரில் இப்படிப் பேசுவீர்களா? புராஜெக்ட் நாட்களில் அவர் சொன்னதில், செய்ததில் இன்னும் மனதில் நிற்பது எது? அதை மட்டும் எழுதுங்கள்.

தூரத்துவிளக்கு:
மறுபடியும் எழுதினேன்.

"மேடம், ஆறாவது வாரம் சென்சார் அளவெல்லாம் தாறுமாறா வந்தப்ப, புராஜெக்ட்டையே மாத்திடலாமான்னு கேக்கத்தான் உங்க ரூமுக்கு வந்தேன். நீங்க கிராஃபைக் கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம் பேசாம பார்த்துட்டு, 'டேட்டா தப்பில்லை, நீ கேட்ட கேள்விதான் தப்பு'ன்னு சொன்னீங்க. அன்னிக்குக் கேள்வியை மாத்தினதாலதான் இன்னிக்கு மேற்படிப்புக்கு அப்ளை பண்ற தைரியம் வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு ராத்திரிகூட 11.40-க்கு எனக்காகக் கடிதம் ஏத்தினீங்க. எந்த ஊருக்குப் போனாலும் அதை மறக்க மாட்டேன்."

ஆறாம்விரல்:
கிராஃபை அஞ்சு நிமிஷம் பேசாம பார்த்தது, அங்கேயே எனக்கு அவங்க யாருன்னு தெரிஞ்சுடுச்சு. அதுல கை வைக்காதீங்க. ஆஸ்பத்திரி வரியை மட்டும் எடுத்துடுங்க. அவங்க உங்ககிட்ட சொல்லலை, வேற ஒருத்தர் மூலமாத் தெரிஞ்சதுன்னு எழுதியிருந்தீங்க. சொல்லாம வெச்சிருக்கிறதை அட்டையில படிச்சா அவங்களுக்குச் சங்கடமா இருக்கலாம். 11.40 மட்டும் போதும்.

தூரத்துவிளக்கு:
எடுத்துட்டேன். "கடைசி ரெண்டும் ராத்திரி 11.40-க்கு வந்தது. மெயிலைப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்"னு மாத்திட்டேன்.

பட்டறை:
தாமதமா வந்து ஒரு கேள்வி. எனக்கு எழுதிக் கொடுத்தவர் ஆசிரியர் இல்லை, இன்டர்ன்ஷிப் மேனேஜர். அவருக்கும் இதேதானா?

ஆறாம்விரல்:
இதேதான். கம்பெனிகள்ல பரிசு பத்தின விதி பெரும்பாலும் இன்னும் கறாரா இருக்கும். மெயில் அனுப்புங்க. உங்க வேலையில எது அவர் டீமுக்கு இன்னும் பயன்படுதுன்னு தெரிஞ்சா அதையும் எழுதுங்க.

பழையபெட்டி:
படிச்சுட்டு மட்டும் போகலாம்னு வந்தேன். கரும்பலகை மேடமோட ஃபைலைப் பத்திப் படிச்சதும் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு ஞாபகம் வந்துட்டார். முதல் உலகப் போர்ல அப்பா இறந்தப்ப அவர் கைக்குழந்தை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தொடக்கப் பள்ளி முடிச்சதும் வேலைக்கு அனுப்பற குடும்பம். லூயி ஜெர்மேன்ங்கற ஆசிரியர்தான் பையனுக்குத் தனியாப் பாடம் சொல்லிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பாட்டிகிட்டப் பேசி, உதவித்தொகைத் தேர்வு எழுத வெச்சார். 1957-ல் நோபல் பரிசு அறிவிச்சாங்க. நவம்பர் 19-ம் தேதி, ஸ்டாக்ஹோமுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே, காம்யு அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதிட்டார். செய்தி கேட்டதும் முதல்ல அம்மாவை நினைச்சேன், அடுத்து உங்களைத்தான்னு அதுல இருக்கு. நோபல் உரையை அச்சிட்டப்ப அதையும் ஜெர்மேனுக்கே சமர்ப்பணம் பண்ணினார். ஜெர்மேன் அவருக்காக அலைஞ்சது 1920-கள்ல. நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபடி, ரெண்டு வருஷம்லாம் தாமதமே இல்லை.

மறுபடி:
கொடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை போனேன். லேம்ப்பை உடனே பிளக்ல மாட்டிப் பார்த்தாங்க. பல்ப் எரியலை, ரெண்டு வருஷம் பெட்டியிலயே இருந்ததே. வீட்ல இருந்த வேற பல்பைக் கழட்டி மாட்டினாங்க. அப்புறம் என் மார்க் ஷீட்டை அனுப்பச் சொன்னாங்க.

தூரத்துவிளக்கு (நாலு மாசம் கழிச்சு):
என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல. ஒன்பதுல ரெண்டு கிடைச்சிருக்கு. ஆறு இல்லைன்னு வந்துடுச்சு. ஒண்ணு காத்திருப்புப் பட்டியல்.

லேப் சார் நாலையும் அனுப்பி முடிச்ச மறுநாள் அவருக்குக் கொடுத்தேன். அட்டையை நின்னுக்கிட்டே படிச்சார். நான் சால்டரிங் அயர்னைத் தலைகீழாப் பிடிச்சுக் கையைச் சுட்டுக்கிட்டது, அன்னிக்கு அவரே என்னைக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் தண்ணியில கையை வெச்சுப் பிடிச்சுட்டு நின்னது, அதை எழுதியிருந்தேன். "இதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கே"ன்னு கேட்டுட்டு என் கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்தார்.

துறைத்தலைவர் அட்டையில ஒன்பது ஃபார்ம் நிரப்பினதுக்கு நன்றின்னு மட்டும் எழுதியிருந்தேன். படிச்சுட்டு நிமிர்ந்து, "நீ எழுதிக் கொடுத்ததை நான் அனுப்பலை, தெரியுமா?"ன்னார். எனக்குப் பக்குன்னுச்சு. "உன்னைப் பத்தி ரொம்பக் குறைச்சு எழுதியிருந்தே. ஜூனியர்ஸுக்கு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தியே, அதை நீ எழுதவே இல்லை. உட்கார்ந்து முழுசா மாத்தி எழுதினேன்." இதை இங்கே சொல்லியே ஆகணும். அவர் எழுதலைன்னு நானே முடிவு பண்ணி, அவரைப் பத்தி முதல் பதிவுல அப்படிப் போட்டுட்டேன்.

கைடு மேடம் அட்டையை என் முன்னாடி பிரிக்கலை, பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. முடிவெல்லாம் வந்ததும் மறுபடி போனேன். கிடைச்ச ரெண்டைப் பத்திச் சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. கிடைக்காத ஆறைத்தான் ஒவ்வொண்ணாக் கேட்டு ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க, அடுத்த வருஷம் அங்கே அப்ளை பண்றவங்களுக்குச் சொல்லணும்னு. அது நான் கொடுத்த நோட்டு. முதல் பக்கம்.

ஆபீஸ் அக்கா பேரையும் கேட்டுக்கிட்டேன். ஜன்னல்ல தலையை நீட்டிச் சொன்னேன். எழுந்து நின்னு கையைத் தட்டினாங்க, உள்ளே இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

இப்போ உதவித்தொகைக்கு இன்னொரு கடிதம் வேணும். கடைசித் தேதிக்கு அஞ்சு வாரம் இருக்கு. கரும்பலகை மேடம் சொன்ன மாதிரி ஒரு பக்கக் குறிப்பு எழுதி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில துறைத்தலைவரைத்தான் பார்க்கப் போறேன்.